மேயர் வீட்டுக் கேக்

அடுப்பைத் திறந்தபோது கேக் தட்டோடு தட்டாக ஒட்டிக் கிடந்தது.

"இதை வெட்டி குழாய்க்கு வாஷர் போடலாம்," என்றான் கிளெம். அவனுக்குத் தொழில் குழாய் வேலை.

வாராபின் நகரத்தின் முதல் பெண் மேயர் தெல்மா புருஷனை முறைத்தாள். "நாளைக்குக் கண்காட்சி. உனக்குக் கிண்டலா இருக்கா?"

மேயரானதும் தெல்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடைத்தெருவில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. ஆண்களுக்கு மதுக்கடைக்குப் பின்னால் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிறது. பண்ணைகளிலிருந்து வரும் பெண்கள்தான் சாமான் வாங்கி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிறைமாதக்காரி ஒருத்தி தெல்மாவின் மருந்துக்கடைக்கு ஓடி வந்து, வழியிலேயே நனைத்துவிட்டு அழுதாள். அந்த அழுகைதான் தெல்மாவைத் தேர்தலில் நிற்க வைத்தது.

வரும் திங்கட்கிழமை நகர சபையில் அதற்கு ஓட்டெடுப்பு. பழைய மேயர் ஹோரஸ் கை தூக்கினால் ஜெயிக்கும், இல்லாவிட்டால் இல்லை. அவரோ போன கூட்டத்திலேயே எழுந்து இப்படி ஒரு குண்டைப் போட்டார்.

"கண்காட்சியில முதல் ஏலம் மேயர் வீட்டு ஸ்பாஞ்ச் கேக்தான். பணம் ஆஸ்பத்திரிக்கு. பதினாறு வருஷம் என் வீட்டுக் கேக் அந்த மேசையில நின்னுது. மேயர் பொண்டாட்டி சுடணும்கிறது வழக்கம். இந்த வருஷம் யார் சுடப் போறா? உருப்படியா ஒரு கேக் வரட்டும், கை தூக்குறேன்."

"கிளெமுக்கு ஒரு ஏப்ரன் வாங்குங்கப்பா!" என்று யாரோ கத்த, சபை சிரித்தது.

தெல்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வரும்," என்றாள். அவள் அதுவரை முட்டையை அவித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

முதல் கேக்குக்கு மருந்துத் தராசில் மாவை எடைபோட்டாள். அதுதான் வாஷரானது. இரண்டாவது நன்றாக உப்பி வந்தது. கிளெம் டார்ச் விளக்கோடு அடுப்பைத் திறந்தான்.

"ஏன் திறந்தே?"

"வெந்துடுச்சான்னு பார்த்தேன்."

கேக் உட்கார்ந்துவிட்டது.

"கதவு சரியா மூடல. அதான். நான் சரி பண்றேன்," என்று பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான். சரி பண்ணிய பிறகு அடுப்பு பற்றவே இல்லை.

தெல்மா காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் பேக்கரிக்குப் பறந்தாள். வாங்கிய கேக்கை வீட்டுக் கேக் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நிறைமாதக்காரியை நினைத்துக்கொண்டாள். பேக்கரி வாசலில் கூடையும் கையுமாக ஹோரஸ் நின்றார்.

"என்ன மேயரம்மா, இவ்வளவு தூரம்?"

"ரொ... ரொட்டி வாங்க."

"நம்ம ஊர்ல ரொட்டி இல்லையா?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

அவர் காது சிவந்தது. "வாத்து முட்டை வாங்க. இங்கதான் கிடைக்குது. என் பொண்டாட்டி ஐவி கேட்டா."

அவர் நகர்கிற வழியாக இல்லை. தெல்மா ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

கடைசிக் கேக்கைப் பக்கத்து வீட்டு அடுப்பில் சுட்டாள். அந்த அடுப்புக்கு ஒரு கால் குட்டை. கேக் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தைக் கிரீமால் நிரப்பினாள். மறுநாள் வெயிலில், கிளெமின் குழாய் வண்டியில் வந்து சேர்வதற்குள் கிரீம் வழிந்து பலகையில் நின்றது.

கண்காட்சிக் கூடாரத்தில் ஹோரஸ் நேராக அவளிடம் வந்தார். குனிந்து பார்த்தார். ஓரத்தை ஒரு விரலால் அமுக்கினார்.

"முட்டையை ஐஸ்பெட்டியிலேருந்து எடுத்து அப்படியே உடைச்சிருக்கீங்க. மாவையும் போட்டு அடிச்சிருக்கீங்க. அடிக்கவே கூடாது."

தெல்மா கேக்குக்கு முன்னால் வந்து நின்றாள். "ஹோரஸ், என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அந்தப் பொம்பளைங்களை..."

வெளியே ஏலக்காரர் கத்தினார். "மேயர் வீட்டுக் கேக்! எங்கே மேயர் வீட்டுக் கேக்?"

ஹோரஸ் சட்டென்று பலகையோடு கேக்கைத் தூக்கிக்கொண்டு கூடாரத்தின் பின்வழியாக ஓடினார். கேக் போனால் ஓட்டும் போச்சு என்று நினைத்தாள் தெல்மா. துரத்தினாள். கழுத்தில் போட்டிருந்த, ஆண்களின் தோளுக்கு அளவெடுத்த மேயர் பதவிச் சங்கிலி முழங்கையில் வந்து மாட்டிக்கொண்டது. அதற்குள் ஹோரஸின் மனைவி ஐவி, தேநீர்க் கோப்பையோடு வழியில் நின்றாள். பதினாறு வருஷம் மேயரின் மனைவியாகப் புன்னகைத்தாளே தவிர, அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"வழி விடு ஐவி! உன் புருஷன் என் கேக்கைக் குப்பையில போடப் போறார்!"

"போடட்டும். வேற கேக் கார்ல இருக்கு. விடியறதுக்கு முன்னாலேயே தயார்."

தெல்மா அப்படியே நின்றாள். "நீ சுட்டியா?"

"நானா? கல்யாணமான நாள்லேருந்து என்னை அடுப்புப் பக்கமே அவர் விட்டதில்ல." ஐவி ஒரு வாய் தேநீர் குடித்தாள். "மேயர் வேலை போனதுல அவருக்குக் கவலையே இல்ல, தெல்மா. மேயர் பொண்டாட்டி வேலை போச்சேன்னுதான் மனுஷன் சோறு தண்ணி இல்லாம கிடக்கறார்."