அக்கா கல்யாணமும் ஆகாயத்தில் ஒரு காலி வீடும்

வீட்டில் முதல் ஆளாகப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் வாயில் வராது. டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, கரண்டு பில் ஏன் கூடியது, ரேஷன் கார்டில் அப்பா பெயருக்கு நேரே ஏன் ‘பெண்’ என்று போட்டிருக்கிறான், எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். சில வருடம் இப்படிப் பழகிவிட்டால், யாரும் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லத் தோன்றும். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில், வானத்தில் ஒரு விண்வெளி நிலையம் கீழே விழத் தயாராக இருந்தது. பூமியில் என் அக்கா மெர்சி கல்யாணத்துக்குத் தயாராக இருந்தாள்.

இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவள் நான்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றுகிறவர். கையெழுத்துப் போடுவார், ஆனால் அவசரம் என்றால் பெருவிரல்தான். மெர்சி எட்டாவதோடு நின்று இறால் கம்பெனிக்குப் போனாள். விடிந்ததிலிருந்து ஐஸ் தண்ணீரில் கை வைத்து இறால் உரித்து, அந்தச் சம்பளத்தில்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். நான் பி.எஸ்.சி. பிசிக்ஸ், இரண்டாம் வருடம். எங்கள் தெருவில் பிசிக்ஸ் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

மாப்பிள்ளை ரூபன் அத்தான் மாலத்தீவுக்குக் காய்கறியும் சிமெண்டும் கொண்டுபோகும் தோணியில் வேலை பார்த்தார். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் ஈஸ்டர் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்று குறித்தாயிற்று. தோணி மாலேயில் சரக்கை இறக்கிவிட்டு, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் மத்தியானம் கிளம்பும். ரெண்டரை நாள் ஓட்டம். சனிக்கிழமை ராத்திரிக்குள் மாப்பிள்ளை ஊர் வந்துவிடுவார். ஞாயிறு முழுக்கத் தூங்கலாம், முடி வெட்டலாம், திங்கட்கிழமை தாலி கட்டலாம். இதில் ஒரு குறையும் இல்லை. நான் ஒருத்தி வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால்.

அந்த விண்வெளி நிலையம் சீனாக்காரர்கள் அனுப்பியது. உள்ளே ஆள் கிடையாது. பூமியிலிருந்து சொல்கிற பேச்சையும் அது கேட்பதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ‘எங்கே விழும் என்று எங்களுக்குத் தெரியாது’ என்று உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். (அவர்கள் யாரும் அவரவர் வீட்டில் முதல் ஆளாகப் படித்தவர்கள் இல்லை போலிருக்கிறது.)

நான் போனில் ஒரு வரைபடம் பார்த்தேன். உலகப் படத்தின் மேல், வலையை விரித்துப் போட்ட மாதிரி கோடு கோடாக அது போகிற வழி. அதில் ஒரு கோடு, சனிக்கிழமைக்கு உரியது, மாலத்தீவுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. அந்த நேரத்துக்கு ரூபன் அத்தான் தோணி எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். சரியாகக் கோட்டுக்குக் கீழே!

அதே மாதிரிக் கோடுகள் பிரேசில் மேலும் பெங்களூர் மேலும் இன்னும் பாதி உலகத்தின் மேலும் போயின என்பதை நான் கவனிக்கவில்லை. அங்கெல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

வியாழக்கிழமை காலையில் அத்தான் போன் செய்தார். வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் என்னுடையது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“அத்தான், இன்னைக்குக் கிளம்பாதீங்க. ஒரே ஒரு நாள் தள்ளிப் போடுங்க.”

“ஏன் ஜெனி, அங்கன புயல் எதும் சொல்லுதானா?”

சொன்னேன். உயரம், வேகம், காற்றின் உராய்வு, எட்டு டன் இரும்பு, எரிந்தது போக மிச்சம் விழுவது, எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் தோணியின் தலைவரான தண்டல் ஐயாவும் கேட்டுக்கொண்டிருந்தார் போல. “ஏலே, மேலருந்து இரும்பு விழுதாம்லே” என்று யாரிடமோ சொல்வது கேட்டது. எனக்குப் புல்லரித்தது. நாற்பது வருடம் கடல் பார்த்த மனுஷன் என் பேச்சைக் கேட்கிறார்.

அத்தான் தயங்கினார். “மெர்சி, நீ என்ன சொல்லுத?”

அக்கா மஞ்சள் பூசிய முகத்தோடு போன் பக்கம் குனிந்தாள். “எனக்கு என்ன தெரியும்? ஆனா அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அதுக்குத்தானே படிக்க வச்சிருக்கோம்.”

அந்த ஒரு வார்த்தையில் தோணி நின்றது.

ஒரு நாள்தானே. வெள்ளி மத்தியானம் கிளம்பினால் ஞாயிறு ராத்திரி வந்துவிடலாம், திங்கட்கிழமைக் கல்யாணத்துக்கு ஒரு குந்தகமும் இல்லை. கணக்கு சுத்தம். என் கண் வானத்திலேயே இருந்ததால் காலண்டரைப் பார்க்கவில்லை. வியாழனுக்கு மறுநாள், இயேசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளி. ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து அந்தக் கடற்கரையிலேயே வளர்ந்தவள் நான். பெரிய வெள்ளிக்கிழமை எந்தத் தண்டலும் நங்கூரம் தூக்க மாட்டார் என்று எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். போதாததற்கு மாலேயில் வெள்ளிக்கிழமை ஜும்மா, துறைமுக ஆபீஸ் பூட்டு. இரண்டு மதமும் சேர்ந்து என் ஒரு நாளை இரண்டு நாளாக்கின.

வெள்ளிக்கிழமை அக்கா சிலுவைப்பாதைக்குப் போயிருந்தபோது அத்தான் கூப்பிட்டார்.

“ஜெனி, தண்டல் இன்னைக்கு எடுக்கமாட்டேன்னுட்டாரு. நாளைக்குக் காலைலதான் கிளம்புதோம். வந்து சேர திங்கக்கிழமை சாயங்காலம் ஆயிரும். கடலுக்குள்ள போய்ட்டா போன் கிடைக்காது. வீட்ல சொல்லிரு. ஃபாதர்ட்ட சொல்லி நேரத்த மாத்தச் சொல்லு. எங்கம்மாட்டயும் சொல்லிரு, என்ன?”

“சரி அத்தான்” என்றேன்.

சொல்லவில்லை.

ஏன் என்று இன்றைக்கும் நான் என்னைக் கேட்கிறேன். ‘என் பேச்சைக் கேட்டதால் மாப்பிள்ளை வரமாட்டார்’ என்று அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை. அதற்குப் பதிலாக நோட்டை எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். தண்டல் ஐயா ஒரு தடவை பெருமைக்குச் சொன்ன வேகத்தை எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் நேர்கோட்டை ஸ்கேலால் அளந்து வகுத்தேன். திங்கட்கிழமை காலை எட்டரை மணி என்று வந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் எல்லாக் கணக்கிலும் ‘காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்’ என்று இருக்கும். நானும் புறக்கணித்தேன். (காற்று என்னைப் புறக்கணிக்கவில்லை.)

சனிக்கிழமை மத்தியானம் மனசு தாங்காமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர், இந்தப் பக்கம் நான். முழுவதையும் ஒப்பித்தேன். ஃபாதர் காதைத் தட்டிக்கு இன்னும் பக்கத்தில் சாய்த்தார். பிறகு, “விண்வெளி நிலையமா?” என்றார்.

“ஆமா ஃபாதர்.”

“இப்பவே வீட்டுக்குப் போய் உங்கக்காட்ட சொல்லு. அதுதான் உனக்குப் பரிகாரம். ஜெபமெல்லாம் அப்புறம்.”

ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை, இரண்டு தடவை.

அப்போது நான் யோசிக்காத ஒன்று உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது. ஆக, மாப்பிள்ளை வரமாட்டார் என்பது ஊரில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தருக்கு வாயைத் திறக்க அனுமதி இல்லை. இன்னொருத்திக்குத் தைரியம் இல்லை.

ஞாயிறு ராத்திரி தோணி வரவில்லை. “காத்து எதுத்து அடிக்கும், விடிய வந்துருவான்” என்று அப்பாவே எல்லாரையும் சமாதானப்படுத்தினார். திங்கட்கிழமை விடிந்ததும் போனைப் பார்த்தேன். விண்வெளி நிலையம் நான் சொன்ன சனிக்கிழமை விழாமல், அன்று விடியற்காலையில்தான் விழுந்திருந்தது. தென் பசிபிக் கடலில். எங்கள் ஊருக்கும் அந்த இடத்துக்கும் நடுவே பாதி பூமி இருந்தது.

பத்து மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. மெர்சி வெள்ளைப் பட்டும் தலையில் நெட்டு முக்காடுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இறால் உரித்து வெடித்த விரல்களை மறைக்க வெள்ளைக் கையுறை. வெளியே பேண்டுக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்து முடித்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவள், வாசலுக்கும் பீடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஃபாதர் பூசை உடுப்போடு நின்று என்னையே பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு அவருக்குப் பொறுமை போயிற்று. மைக்கைப் பிடித்து, மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தபோது சொன்ன அதே வாசகத்தை, எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னார்.

“இந்தத் திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால், அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

அத்தனை பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

“நான்தான் ஒரு நாள் கழிச்சுக் கிளம்பச் சொன்னேன். ஒரு விண்வெளி நிலையம் விழுறதா இருந்துச்சு...”

“எது விழுறதா இருந்துச்சு?” என்றாள் மாமி.

“சீனாக்காரங்களோடது. ஆளில்லாதது. ஆனா பயப்பட ஒண்ணுமில்ல மாமி, அது காலைலயே கடல்ல விழுந்துட்டு!”

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆறுதல்களில் அதைவிட மோசமானது இல்லை. கடல் என்றால் எங்கள் ஊருக்கு ஒரே கடல்தான். அதில்தான் அவள் மகன் வந்துகொண்டிருந்தான். “ஏ மாதாவே! எம்புள்ள தலையில விழுந்துட்டே!” என்று மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள். நாலு பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள். நான் பசிபிக், பசிபிக் என்று கத்தினேன். “இங்கனதான் விழும்னு நீதானளா சொன்ன?” என்று ஒருத்தி கேட்டாள். பேண்டுக்காரர்கள் அழுகைச் சத்தத்தைக் கேட்டு, மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று நினைத்து, ஆனந்தமாக வாசிக்கத் தொடங்கினார்கள்.

சமைத்த பிரியாணியை என்ன செய்வது? கல்யாணம் நடக்காத கல்யாணத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. எலும்பு கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டில் மெர்சி நெட்டைக் கழற்றினாள், கையுறையைக் கழற்றினாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் உன்ன ஒண்ணும் குறைவா நெனச்சிருக்க மாட்டேனே ஜெனி” என்றாள்.

அதற்குப் பிறகு பத்து மாதம் என்னிடம் பேசவில்லை.

காற்று எதிர்த்து அடித்ததில் தோணி செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் வந்தது. துறைமுகத்தில் எங்கள் தெருவே திரண்டு நின்றது. ரூபன் அத்தான் தாடியோடு இறங்கினார். மாமி அவரை ஓங்கி ஒரு அறை விட்டுப் பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளுக்கு மேலே அத்தான் என்னைப் பார்த்தார்.

“ஜெனி, வீட்ல சொன்னியா?”

“சொன்னேன் அத்தான்.”

“எப்ப?”

“நேத்து.”

மாமி அப்பாவிடம் நேரே வந்தாள். “அண்ணே, மெர்சிய நான் வேண்டாம்னு சொல்லல. அவ தங்கம். ஆனா இந்தப் படிச்சவ எங்க வீட்டு வாசல மிதிக்கக்கூடாது. சம்மதம்னா சொல்லுங்க.” அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்கவுமில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய புகைப்படங்களை எல்லாத் தோணிக்காரர்களிடமும் காட்டித் திரிந்த மனுஷன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிப் பூசையில் கல்யாணம் நடந்தது. பேண்டு இல்லை, பந்தி இல்லை. பன்னிரண்டு பேர். அதில் நான்கு பேர் தினப்பூசைக்கு வந்த வயதானவர்கள், அவர்களுக்கு யாருக்குக் கல்யாணம் என்றே தெரியாது. பட்டுப்புடவையில் திங்கட்கிழமை மடிப்பு அப்படியே இருந்தது. நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். வருடக்கணக்காக ஐஸ் தண்ணீரில் நின்று அவள் தனக்கென்று ஆசைப்பட்டது ஊர் பார்க்க ஒரு கல்யாணம், அது ஒன்றுதான். அதை வாங்கிக் கொடுக்க எந்தப் பட்டத்தாலும் முடியாது.

இப்போது நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். அக்காவுக்கு மகள் பிறந்தபோதுதான் பேச்சு திரும்பியது. மாமி வீட்டு வாசலையும் மிதிக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் மாமி என்னைப் பார்த்து, “மேல பாத்துச் சொல்லுளா, எதும் வருதா?” என்று கேட்பாள். மொத்த வீடும் சிரிக்கும். மெர்சி மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள். வருடக்கணக்கில் அவள் அந்தச் சிரிப்பில் சேர்ந்ததே இல்லை.

போன மாதம் அவளே போன் செய்தாள்.

“ஏளா, பல நாடு சேந்து கட்டின பெரிய நிலையம் ஒண்ணு இருக்காமே. அதையும் இன்னும் கொஞ்ச வருசத்துல கீழ இறக்கப்போறானாம். டிவில சொன்னான்.”

“ஆமாக்கா” என்றேன்.

“நம்ம புள்ளைக்கும் அப்பத்தான் கோயில்ல மொத மொதலா நன்மை குடுக்குற புதுநன்மை வரும். ஊரக் கூட்டிப் பெருசா செய்யணும்னு எனக்கு ஆச. அது என்னைக்கு விழும்னு நீ ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு.”

“எதுக்குக்கா?”

“நீ சொல்லுத நாள்லயே வச்சுருவோம்” என்றாள். “அன்னைக்கு நிச்சயமா விழாது.”

அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.