நூற்றிருபது ஒளிக்குச்சிகளும் ஒரு பனிவண்டியும்

மதிப்பிற்குரிய ஷிகேகி மாமா அவர்களுக்கு,

தக்காவோகாவிலிருந்து உங்கள் அக்கா மகள் ஃபுமினோ வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரியாவது இருக்க வேண்டும் என்று மொழியாசிரியை சொல்லிக்கொடுத்திருக்கிறார். பிப்ரவரி பாதி கடந்தும் இங்கே பனி இடுப்பளவு நிற்கிறது. ஆனால் கூரைப் பனியை வாரப் போய் வழுக்கி விழுந்து தொடையெலும்பை உடைத்துக்கொண்டவரிடம் பனியைப் பற்றி எழுதுவது மரியாதைதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆகவே அந்த ஒரு வரியைப் படிக்காததாகவே வைத்துக்கொள்ளுங்கள். கால் நன்றாகக் கூடிவருவதாக அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. நாங்கள் அனைவரும் நலம்.

தொலைபேசியில் சொன்னால் நடுவில் கத்துவீர்கள். கத்தினால் இடுப்பு அசையும். அசையக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் கடிதம். இதன் நோக்கம் இரண்டு. வகானா-சானின் பிறந்தநாள் விழாவில் நடந்ததை உள்ளது உள்ளபடி தெரிவிப்பது ஒன்று. விழாக்குழுத் தலைவர் பொறுப்பை உங்களிடமே திருப்பித் தருவது மற்றொன்று. தலைவருக்குரிய கைப்பட்டையும் விசிலும் இந்த உறையிலேயே இருக்கின்றன.

இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நீங்கள் அம்மாவை அழைக்காமல் என்னை அழைத்தீர்கள். "ஃபுமி, கட்டிலுக்கு அடியில பெட்டி இருக்கு. நம்ம குடும்பத்துல எழுதி வச்சத அப்படியே படிக்கிற ஒரே ஆள் நீதான்" என்றீர்கள். "கால் உடைஞ்சு கெடக்குடா, காலப் பத்திப் பேசு" என்றாள் அம்மா. "கால் எப்ப வேணாலும் கூடிக்கும்கா. பிறந்தநாள் பதினாலாம் தேதிதான் வரும்" என்றீர்கள். கதவை மூடிவிட்டார்கள்.

பெட்டியில் நூற்றிருபது ஒளிக்குச்சிகளும் ஒன்பது குறிப்புகளும் இருந்தன. குறிப்புகளை நான் பதினோரு முறை படித்தேன். நமிநமி என்ற பாட்டு நடனக் குழுவில் ஐந்து பெண்கள், ஆளுக்கொரு நிறம். அவரவர் ரசிகர்கள் அவரவர் நிறத்தில் விளக்கை அசைப்பார்கள். நடுவில் நிற்கும் மியு-சானின் நீலத்துக்கு நாற்பது பேர். இடது ஓரத்தில் ஆறு வருடமாக நிற்கும் வகானா-சானின் ஆரஞ்சுக்கு நீங்களும் பேருந்து ஓட்டும் இவாதகே-சானும் ஆக இரண்டு பேர். காலையில் மீன்வடைத் தொழிற்சாலை, மாலையில் நடனப் பயிற்சி என்று ஓடும் அவருக்கு இந்தப் பிறந்தநாளோடு இருபத்து நான்கு. டிசம்பரில் நீங்கள் அவரோடு படம் எடுத்துக்கொள்ளும் வரிசையில் நின்றபோது, குழுவில் தொடர்வதா விலகுவதா என்பதைப் பிறந்தநாள் மேடையில் சொல்லிவிடப் போவதாகவும், ஒரு தடவை கூட அரங்கம் முழுவதையும் தன் நிறத்தில் பார்த்ததில்லை என்றும் அவர் உங்களிடம் சொன்னார். அதற்கு நீங்கள் பதில் சொல்வதற்குள் ஆளுக்கென்று ஒதுக்கிய ஒரு நிமிடம் முடிந்து, நேரம் பார்க்கும் ஆள் உங்கள் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டார். சொல்லாமல் போன அந்தப் பதில்தான் ஒன்பதாவது குறிப்பு. "முதல் பாட்டுக்கு அரங்கம் முழுக்க ஆரஞ்சு. ஒரு புள்ளி கூட வேறு நிறம் கூடாது. அதைப் பார்த்தால் போகமாட்டாள்." அதன் கீழே மூன்று முறை கோடு இழுத்திருந்தீர்கள். மூன்றாவது கோட்டில் தாள் கிழிந்திருந்தது.

எனக்கு இப்படிப்பட்ட ஐடல் குழுக்களில் ஈடுபாடு இல்லை. ஆனாலும் ஏற்ற வேலையை முடிக்காமல் விடுவது என் வழக்கமில்லை. நூலகக் குழுவில் மூன்று வருடமாகத் திரும்பாத பதினேழு புத்தகங்களை நான் வீடு வீடாகப் போய் மீட்டது உங்களுக்கும் தெரியும்.

முதலில் நீலத்தை வசப்படுத்த வேண்டியிருந்தது. ஜனவரி கடைசி ஞாயிறு, நிகழ்ச்சி நடக்கும் பழைய அரிசிக் கிடங்குக்குப் போய், நீல ரசிகர்களின் தலைவர் யார் என்று விசாரித்தேன். கழுத்தில் நீலத் துண்டும் இரண்டு கைகளிலும் நான்கு நான்கு நீல விளக்குகளுமாக ஒருவர் திரும்பினார். எங்கள் பள்ளித் துணைத் தலைமையாசிரியர் நுகாதா சார். மின்னும் பேனாவைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது என்று விதி போட்ட அதே நுகாதா சார்.

"கஜிகாவா, நீ இங்க என்னம்மா பண்றே?" என்று பள்ளியில் போலவே குடும்பப் பெயரால் அழைத்துக் கேட்டார்.

"வகானா-சான் விழாக்குழுத் தலைவர் சார். நீங்க?"

அவர் விளக்குகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கோட்டுக்குள்ளிருந்து நீல ஒளி கசிந்தது. "ஸ்கூல் விஷயம் ஸ்கூலோட. இங்க நான் நீலம்."

"நீலத்துக்கிட்ட பேசத்தான் வந்தேன் சார். முதல் பாட்டுக்கு மட்டும் நாப்பது பேரும் ஆரஞ்சு பிடிக்கணும்."

"உங்க மாமா போன வருஷம் மியு பிறந்தநாளுக்கு நீலம் பிடிச்சாரு. இல்லேங்கல. ஆனா கொட்டாவி விட்டுக்கிட்டே பிடிச்சாரு."

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்திருந்தாரு சார். கொட்டாவி விட்டாரே தவிர குச்சிய இறக்கல."

நுகாதா சார் நெடுநேரம் யோசித்தார். பள்ளியில் ஒருவரை மன்னிக்கும் முன்பு யோசிப்பதைவிட அதிக நேரம். "எறக்கல. அதுவும் உண்மைதான்" என்று சொல்லி ஒப்புக்கொண்டார். நீலம் வந்ததும் மற்ற மூன்று நிறங்களும் பின்னாலேயே வந்துவிட்டன.

அடுத்து நான் செய்ததுதான் இந்தக் கடிதத்தின் வருத்தமான பகுதி. தயவுசெய்து படுத்தபடியே படிக்கவும். விழாவுக்கு வருவோர் அனைவருக்கும் ஒரு துண்டறிக்கை அச்சிட்டேன். மின்விளக்குகளையும் கைபேசிகளையும் முன்கூடத்து அலமாரியில் ஒப்படைத்துவிட வேண்டும். ஆளுக்கு ஓர் ஒளிக்குச்சி பெற்றுக்கொள்ள வேண்டும். கதவு மூடியதும் அதை உடனே மடக்கி எரியவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன். கடைசி விதி என் சொந்தச் சிந்தனை. பாட்டு தொடங்கும் நொடியில் இருட்டில் நூற்றிருபது பேர் முழங்கையை ஆட்டிக் குச்சியை மடக்கினால் யாருக்காவது மூக்கு உடையும் என்று நினைத்தேன். எதற்கும் முன்கூட்டியே தயாராக இருப்பது நல்லது என்பது நூலகக் குழுவின் கொள்கை.

அந்த ஆரஞ்சுக் குச்சி ஐந்தே நிமிடம் கண்ணைப் பறிக்கும்படி எரிந்து அணைந்துவிடும் என்பதும், அதனாலேயே அதைப் பாட்டு தொடங்கும் நொடியில்தான் மடக்குவார்கள் என்பதும் இந்த ஊர் ரசிகர்கள் அனைவருக்கும் தெரியும். ஆகவே அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் ஒன்பது குறிப்புகளிலும் அது இல்லை. பொட்டலத்தில் அச்சடித்திருப்பார்கள், ஆனால் வசதிக்காக நீங்கள் உறைகளை எல்லாம் பிரித்துப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தீர்கள். எதைக் கொடுத்தாலும் படித்துவிடும் எனக்கு, அங்கே படிக்க ஒன்றுமே இல்லை.

இவாதகே-சான் மட்டும் துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "கதவு மூடின ஒடனேயேவா பாப்பா?"

"ஆமா. முன்னாடியே தயாரா இருந்துடலாம்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். "சரிங்க தலைவரே. குழு சொன்னா சரிதான்" என்று போய்விட்டார். பிறந்தநாள் விழாவன்று குழு சொல்வதை யாரும் கேள்வி கேட்பதில்லை என்ற வழக்கத்தை நான் அப்போது ஒரு நல்ல பண்பாக நினைத்தேன்.

ஐந்தே முக்காலுக்குக் கதவை மூடி அரங்க விளக்குகளை அணைத்தார்கள். நூற்றிருபது குச்சிகளும் ஒரே நேரத்தில் மடங்கின. மாமா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிடங்கின் உத்தரங்கள் வரை ஆரஞ்சு. நுகாதா சாரின் வழுக்கை கூட ஆரஞ்சு. ஒரு புள்ளி வேறு நிறம் இல்லை. மேடையில் மட்டும் யாரும் இல்லை. அரங்கத்தில் ஓடாதீர்கள், தண்ணீர் குடியுங்கள் என்று ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி ஆறு மணிக்கு. ஐந்து ஐம்பதுக்கு முதல் வரிசை மங்கியது. ஐந்து ஐம்பத்தொன்றுக்கு நான் ஒரு புத்தகத்திலும் படித்திராத அளவுக்கு இருட்டாக இருந்தது.

"குழு ஏதோ பெருசா வச்சிருக்கு போல" என்று யாரோ கிசுகிசுத்தார்.

"எனக்கும் அப்பிடித்தான் தோணுது. பேசாம இரு."

அலமாரியில் மின்விளக்குகள் இருந்தன. யாரும் சபலப்பட்டு எடுத்துவிடக் கூடாது என்று நானே பூட்டிச் சாவியைப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்திருந்தேன். எந்த இடம் என்பது மறுநாள் காலையில் நினைவுக்கு வந்தது.

ஆறு மணிக்கு இசை தொடங்கியது. உங்கள் ஏழாவது குறிப்பின்படி முதல் பாட்டுக்கு மேடை விளக்கும் அணைந்தே இருந்தது. வகானா-சான் நடுவில் வந்து நிற்கும் காலடி ஓசை கேட்டது. எதிரே நூற்றிருபது பேரும் அணைந்த குச்சிகளைத் தாளம் தவறாமல் அசைத்துக்கொண்டிருந்தார்கள். சர் சர் என்று காற்று வந்தது. ஒருவர் கூட நிறுத்தவில்லை. முதல் வரி பாடிவிட்டு வகானா-சான் நிறுத்தினார். இசையும் நின்றது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கோம்" என்றார்கள் நூற்றிருபது பேரும்.

விளக்குக்காரரிடம் ஓடி மேடை விளக்கைப் போடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது வெள்ளை. ஒன்பதாவது குறிப்பில் வெள்ளை இல்லை. அப்போதுதான் பின்சுவரின் இரும்பு ஷட்டருக்குக் கீழே, விரல் அகலச் சந்தில், ஓர் ஆரஞ்சுக் கோடு தோன்றி மறைந்தது. மீண்டும் தோன்றியது. மீண்டும் மறைந்தது. நான் சுவரைத் தடவிக்கொண்டு ஓடினேன். பல கால்களை மிதித்தேன். அவற்றில் இரண்டு நுகாதா சாருடையவை.

பக்கக் கதவு வழியாக வெளியே போனால், தெருப்பனி அள்ளும் வண்டி, தலையில் ஆரஞ்சு விளக்கு சுழல, மெதுவாக வந்துகொண்டிருந்தது. நான் நடுத்தெருவில் நின்று கைப்பட்டையைக் காட்டி விசில் ஊதினேன். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்மா, சாகப் போறியா?"

"அண்ணே, மூணு நிமிஷம் நாப்பது விநாடி. இந்த ஷட்டருக்கு முன்னாடி நில்லுங்க."

"நிக்கவா? ஏழு மணிக்குள்ள ஸ்டேஷன் ரோடு முழுக்க வழிச்சாகணும். நின்னேன்னா மேலதிகாரி என்னைய வழிச்சுடுவாரு."

"அப்ப நிக்காதீங்க. இந்த வாசல் பனிய அள்ளுங்க. முன்னாடி போங்க, பின்னாடி வாங்க. இதுவும் ரோடுதானே?"

அவர் வாசலைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்ததாக அவர் பிறகு சொன்னார். அது பனி. "ரோடுதான்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

உள்ளே கத்தினேன். இவாதகே-சானும் நீலத்தார் நால்வரும் ஷட்டரைத் தூக்கினார்கள். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. அதோடு விளக்கும் பாய்ந்தது. அரங்கம் முழுவதும் ஆரஞ்சு, இருட்டு, ஆரஞ்சு, இருட்டு. எல்லார் முகத்திலும், உத்தரங்களிலும், பறந்து வந்த பனித்துகள் ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு. வகானா-சான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு பாடினார். வண்டி பின்னால் வரும்போதெல்லாம் பீப் பீப் என்று எச்சரிக்கும் என்பதால் பாட்டில் ஒரு சொல் கூட யாருக்கும் கேட்கவில்லை. இவாதகே-சான் அந்த பீப்புக்கும் சேர்த்துத் தாளம் போட்டார்.

கடைசியில் அறிவிப்பு. வகானா-சான் உடையின் மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதுல நன்றி, போய்ட்டு வரேன்னு எழுதி வச்சிருக்கேன்" என்றார். "ஆனா இன்னிக்கு நடந்தத இப்பிடியே விட்டுட்டுப் போக முடியாது. ஆறு வருஷம் காத்திருந்ததுக்கு எனக்குக் கெடச்சது பாதி வெளிச்சம், பாதி இருட்டு, பீப் பீப். அடுத்த வருஷம் ஒழுங்கா பண்ணுங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்." தாளை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

இவாதகே-சான் உட்கார்ந்து அழுதார். நுகாதா சார் தன் நீலத் துண்டை அவரிடம் கொடுத்தார்.

ஆக, உங்கள் ஒன்பதாவது குறிப்பு தவறு, மாமா. முழு ஆரஞ்சைப் பார்த்திருந்தால் வகானா-சான் மனநிறைவோடு விடைபெற்றிருப்பார் என்றே நான் கருதுகிறேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வெற்றி என் தவறால் கிடைத்தது. தவறால் வெற்றி பெறுபவர் தலைவர் பதவிக்குத் தகுதியற்றவர். எனக்கு உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நெருங்குகிறது. வாசிக்க வேண்டிய புத்தகங்கள் மேசையில் இருபத்திரண்டு இருக்கின்றன. நான் ரசிகை அல்ல, ஒருபோதும் ஆகப்போவதும் இல்லை. இத்துடன் இந்த உலகத்திலிருந்து முழுமையாக விலகுகிறேன். உங்கள் கால் உறுதியாகக் கூடி, கூரை ஏறாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வணங்கி, அம்மாவின் அன்பையும் தெரிவித்து முடிக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
கஜிகாவா ஃபுமினோ

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஒரு வாரம் ஆகிறது. கைப்பட்டை உறையில் இல்லை. சனிக்கிழமை நிகழ்ச்சிக்குத் தேவைப்பட்டது, அடுத்த சனிக்கிழமைக்கும் தேவைப்படும். விசிலும் அப்படியே. நுகாதா சார் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி மின்னும் பேனாவைப் பறிமுதல் செய்துவிட்டு, "ஏப்ரல்ல மியு பிறந்தநாள். அப்ப பனியே இருக்காது. நீல விளக்கு சுத்துற வண்டி எதும்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். ஊர்ப் பாதுகாப்பு ரோந்து வண்டி என்று நூலகத்தில் பார்த்துச் சொன்னேன். நேற்று குழுக் கூட்டம் நடந்தது. மூன்றுக்குப் பூஜ்யம் என்ற வாக்கில் நான் தலைவர், நீங்கள் துணைத் தலைவர். நான் ஒருத்தி, இவாதகே-சான் இரண்டு. மூன்றாவது வாக்கு யாருடையது என்று நீங்கள் கேட்பீர்கள். பனிவண்டி ஓட்டும் ஹோரிகே-சான் சேர்ந்துவிட்டார். உங்கள் நிறம் எது என்று படிவத்துக்காக அவரிடம் கேட்டோம். வெளியே நின்ற வண்டியைக் காட்டினார்.