குடியிருக்கும் அடுத்த வீடு

கடலுக்கும் மலைக்கும் நடுவே, எந்த வரைபடத்திலும் இடம் கேட்டு மனுப்போடாத நாடு ஒன்று இருந்தது. அதற்கு ஆழிமேடு என்று பெயர். அதை ஆண்டவர் மகாராஜா மணிமுடியார். அவருடைய ஆட்சியைச் சொல்லத் தொடங்கும்போதே எனக்கு மெய்சிலிர்க்கிறது. இத்தனை அறிவு ஒரே மாளிகையில் சேர்ந்து இத்தனை பேரை வீதியில் நிறுத்தியதாக நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீட்டு வரி செலுத்தும் நாளில் முதல் வரி அரண்மனையிலிருந்துதான் போக வேண்டும். மகாராஜாவே வெள்ளித் தாம்பாளத்தில் ஒரு காசை வைத்து, மேளதாளத்தோடு நடந்துபோய், தம்முடைய கஜானாவிலேயே அதைச் செலுத்திவிட்டு வருவார். அரண்மனையும் ஒரு வீடுதான், அரசனும் ஒரு குடிதான் என்பதற்கு அது அடையாளம். குடிகள் இருபுறமும் நின்று கண்கலங்குவார்கள். பிறகு வீட்டுக்குப் போய்த் தங்கள் வரியை நினைத்து இன்னொரு முறை கண்கலங்குவார்கள்.

மழை பொய்த்த ஒரு காலத்தில் பலரால் வரி கட்ட முடியவில்லை. வரியமைச்சர் சீராளர் சட்டம் கொண்டுவந்தார். பாக்கி வைத்தவரின் வீடு அரசருக்குச் சொந்தம். அதைப் பூட்டி அரக்கு முத்திரை வைக்க வேண்டும். பாக்கி முழுவதும் தீரும்வரை முத்திரையை யாரும் தொடக் கூடாது. பாக்கியைத் தீர்க்க வேண்டியவர்கள் வெளியே துரத்தப்பட்டு, ஏரிக்கரையில் கீற்றுக்கொட்டகை போட்டுக் குடியேறியிருந்தார்கள். ஆகவே பாக்கியும் தீரவில்லை, முத்திரையும் உடையவில்லை. அவ்வளவு கச்சிதமான சட்டம் அது.

முத்திரை வைக்கும் பொறுப்பு துரைக்கண்ணு என்ற அதிகாரிக்கு. சட்டத்தில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் செய்கிறவர். சொந்த மாமனார் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு, அன்றைக்குத் தன் வீட்டில் சோறு கிடைக்காமல் படுத்தவர்.

பூட்டிய வீடுகள் பெருகப் பெருக அரசரின் சொத்தும் பெருகியது. மேல வீதி முழுவதும் மகாராஜாவுக்குச் சொந்தமான அன்று வாணவேடிக்கை நடந்தது. பார்க்க மேல வீதியில் ஆள் இல்லை என்பது மட்டும்தான் குறை. ஒரு முறை சில வீடுகளை ஏலம் விட்டார்கள். கண்காணாத தேசத்து வணிகர் ஒருவர் அவற்றைக் கீரைக்கட்டு வாங்குவதுபோல் மொத்தமாக வாங்கினார். ஒன்றையும் வந்து பார்க்கவில்லை, வரியும் கட்டவில்லை. மறு ஆண்டே அத்தனையும் முத்திரையோடு அரசரிடம் திரும்பி வந்தன. சொத்து மறுபடியும் பெருகியதாக அரண்மனை மகிழ்ந்தது.

ஆள் புழங்காத வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடு சரிந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்து, உள்ளே பாம்பு குடிவந்தது. வீதி பார்க்க நன்றாக இல்லை என்று தூதர்கள் முகம் சுளித்தார்கள். உடனே பூட்டிய வீடுகளின் வெளிச்சுவர்களில் எரியும் விளக்கும் சிரிக்கும் குடும்பமும் வரையச் சொல்லி ஆணை பிறந்தது. ஓவியர்கள் தாராளமாக வரைந்தார்கள். அடுத்து வந்த கணக்கெடுப்பில் சுவரில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டதால் நகரத்தின் மக்கள்தொகை உயர்ந்தது. நகரசபைத் தேர்தலில் அவர்களில் ஒருவர்கூட வாக்களிக்கத் தவறவில்லை. அத்தனை வாக்கும் சீராளருடைய கட்சிக்கே விழுந்தது. இப்படியும் ஓர் ஒற்றுமையா என்று நான் வாயடைத்துப் போனேன்.

கீழ வீதியில் கடைசி வீடு இருசாயியுடையது. வீட்டு முன்பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் அரண்மனை மதில், மறு பக்கம் பூட்டிய வீடு. அந்தப் பூட்டிய வீட்டின் சுவர் அவள் கூரைமேல் சாய்ந்துகொண்டே வந்தது. விழுந்தால் அடுப்பங்கரை போகும், அடுப்பங்கரை போனால் பிழைப்புப் போகும். அந்தச் சுவருக்கு இரண்டு கட்டையை முட்டுக்கொடுக்க அனுமதி வேண்டும் என்று அமைச்சரிடம் போய்க் கேட்டாள். அரசரின் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் உரிமை ஒரு குடிமகளுக்குக் கிடையாது என்று சீராளர் விளக்கினார். மேலும், அரசரின் சுவர் விழும் என்று சொல்வதே குற்றம், இந்த முறை மன்னிக்கப்படுகிறது என்றார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

கஜானா காலியானபோது சீராளருக்கு அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய யோசனை தோன்றியது. சபையில் எழுந்து அவர் இப்படிச் சொன்னார்:

"மாமன்னரே, பக்கத்து வீட்டில் ஆள் இல்லாதவர்கள் பெரும் அமைதியை அனுபவிக்கிறார்கள். சண்டை இல்லை, கைக்குழந்தை அழுகை இல்லை, கடன் கேட்பார் இல்லை. இந்த அமைதியை அரசு இலவசமாகத் தருவது முறையன்று. ஆகவே பூட்டிய வீட்டின் பாக்கியை, குடியிருக்கும் அடுத்த வீட்டார் செலுத்தட்டும்."

சபை எழுந்து நின்று கைதட்டியது. அதற்கு அமைதிப் பங்கு என்று பெயரிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாரம் ஏறியதும் அடுத்த வீடும் பாக்கியில் விழுந்தது. அது பூட்டப்பட்டதும் இரண்டின் பாரமும் அதற்கடுத்த வீட்டின்மேல் ஏறியது. மேல வீதியின் பாரம் வடக்கு வீதிக்கு வந்தது, வடக்கு வீதியினுடையது கீழ வீதிக்கு வந்தது. கடைசியில் நகரம் முழுவதின் பாக்கியும் ஓர் இட்லிக்கடையின் தலையில் வந்து உட்கார்ந்தது.

ஒரு காலை துரைக்கண்ணு அரக்குக் கரண்டியோடு வந்தார்.

"இருசாயக்கா, இன்னைக்கு இட்லி சாப்பிட வரலை."

"தெரியுது தம்பி, கரண்டியைப் பாத்தாலே தெரியுது. முத்திரையை வைங்க, நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்க வீட்டையும் பூட்டிட்டா இந்தப் பாரமெல்லாம் யாரு மேல போகும்?"

"சட்டப்படி, அடுத்தாப்ல குடியிருக்கிற வீட்டு மேலக்கா."

"அது எந்த வீடு?"

துரைக்கண்ணு வீதியை ஒரு பக்கம் பார்த்தார். சுவர்களில் குடும்பங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. மறு பக்கம் பார்த்தார். அரண்மனை மதில்மேல் மயில் உட்கார்ந்திருந்தது. பிறகு இருசாயியின் கதவில் முத்திரையை வைத்துவிட்டு, நேராக அரண்மனைக்கு நடந்தார். இட்லிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் ஏரிக்கரைக்குப் போனாள். நடந்தபடியே அழுதாள்.

அரண்மனையில் சீராளர் கொதித்தார். மாமன்னர் வரி கட்டும் குடி அல்லர் என்றார். துரைக்கண்ணு பணிவாக வெள்ளித் தாம்பாளத்தை நினைவூட்டினார். மகாராஜாவும் பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், ஆம், நாம் முதற்குடியே என்று சொல்லிவிட்டார். கஜானாவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தது பூட்டிய வீடுகளின் சாவிகள் மட்டுமே. அன்று மாலையே அரண்மனை வாசலில் அரக்கு வழிந்தது. மகாராஜா முடியோடும் வெண்கொற்றக் குடையோடும் வீதியில் நின்றார். ஒரு சட்டம் தன்னை எழுதியவர்களின் வாசல்வரை தானே நடந்து வந்ததை அன்றுதான் நகரம் பார்த்தது.

அதுவரை வராத மழை அன்றைக்கு வந்தது. வெண்கொற்றக் குடை அழகுக்குச் செய்தது, ஒழுகியது. மகாராஜாவும் அமைச்சரும் ஏரிக்கரையில் இருசாயி புதிதாகப் போட்டிருந்த கொட்டகைக்குள் ஒண்டினார்கள். அவள் இலை போட்டாள். அப்போது நகரத்துக்குள் ஏதோ இடிந்து விழும் சத்தம் கேட்டது. பூட்டிய வீட்டின் சுவர் அவள் கூரைமேல் விழுந்துவிட்டது என்று ஓடிவந்து சொன்னார்கள். இருசாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மகாராஜா இட்லி இலையைத் தள்ளி வைத்தார். அரண்மனையை மட்டும் திறக்கச் சீராளர் ஆணையிட்டார். பாக்கி தீராமல் முத்திரையைத் தொடச் சட்டம் இல்லை என்றார் துரைக்கண்ணு. பாக்கியை யாருக்குக் கட்டுவது என்று கேட்டார் அரசர். உங்களுக்குத்தான் என்றார் அவர். எங்கே கட்டுவது என்றார். கஜானாவில் என்றார். கஜானா எங்கே என்றார். பூட்டிய அரண்மனைக்குள் என்றார்.

இருசாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மகாராஜா, ஊருல இத்தனை வீடு சும்மா கெடக்குது, இத்தனை பேரு மழையில கெடக்கறோம். பூட்டுன வீட்டையெல்லாம் கஜானாவுல இருந்து எடுத்து ஊரு கையில குடுங்க. பழைய பாக்கிய அழிச்சிருங்க. யாரு குடியிருந்து பழுது பாக்கறாங்களோ அவங்களுக்கு வில்லங்கம் இல்லாம குடுத்துருவோம்."

"பாக்கியை அழித்தால் அரசுக்கு நட்டமன்றோ?" என்றார் சீராளர்.

"வராத காசை நட்டம்னு சொல்லலாங்களா, சாமி? குடியிருந்தாத்தானே நாளைக்கு வரி வரும்."

மகாராஜா ஒழுகும் குடையை ஒரு முறை பார்த்தார். சம்மதித்தார். அந்தச் சம்மதத்தில் எவ்வளவு ஞானம், எவ்வளவு ஈரம் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. பூட்டிய வீடுகளை ஏற்றுக் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கும் பொது அமைப்புக்கு ஊர் நிலவங்கி என்று பெயர் வைத்தார்கள். வீதிக்கு ஒருவர் அதில் உட்கார்ந்தார்கள். நிற்காத வீட்டை இடித்துச் செங்கல்லை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது, காலியான மனையை ஒட்டிக் குடியிருப்பவரிடம் முதலில் கேட்பது, வந்து பார்க்காதவருக்கு எதையும் கொடுப்பதில்லை என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள்.

இனிமேல் நான் வியப்பது உண்மையாகவே வியப்பு. முதல் முத்திரையையும் பூட்டையும் உடைத்தவர் துரைக்கண்ணுதான், தன் மாமனார் வீட்டில். கதவு திறந்தது. உள்ளே கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. உத்தரத்தில் தொட்டில் அவிழ்க்காமல் தொங்கியது. அந்தத் தொட்டிலில் கிடந்த மைத்துனர் பிள்ளை இப்போது வளர்ந்து வாசலில் நின்று, இது யாருடைய வீடு என்று கேட்டது. உன்னுடையதுதான் என்று துரைக்கண்ணு அதைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

வீதி வீதியாகக் கதவுகள் திறந்தன. மூட்டை முடிச்சோடு ஏரிக்கரையே நகரத்துக்குள் நடந்து வந்தது. ஒருவர் ஓடு மாற்ற, ஒருவர் பாம்பு விரட்ட, ஒருவர் சுண்ணாம்பு குழைத்தார். வெள்ளையடித்ததில் சுவர்க் குடும்பங்கள் மறைந்தன, சீராளரின் கட்சி பெரும்பான்மை இழந்தது. இருசாயிக்குத் தன் பாதி வீடும், அதன்மேல் விழுந்த சுவரின் செங்கல்லும், பக்கத்து மனையும் கிடைத்தன. அந்தச் செங்கல்லாலேயே அடுப்பங்கரையைக் கட்டினாள். புகைபோக்கியில் முதல் புகை எழுந்தபோது வீதியில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பூட்டிக் கிடந்த ஓர் ஊர் மூச்சுவிடுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பிறகு அரண்மனையின் முறை வந்தது. அதுவும் பாக்கியில் பூட்டிய வீடு. அதை ஒட்டிக் குடியிருப்பவள் இருசாயி. விதிப்படி அவளிடம் கேட்டார்கள். அத்தனை பெரிய வீட்டைத் தன்னால் கூட்டிப் பெருக்க ஆகாது என்றாள். கொலுமண்டபத்தில் பள்ளிக்கூடம் வைக்கலாம், அந்தப்புரத்தில் பல குடும்பங்கள் இருக்கலாம், மிச்சத்தைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்றாள்.

கேட்பவர்களின் வரிசையில் மகாராஜாவும் நின்றார். தோட்டத்துப் பக்கம் உள்ள ஓர் அறை போதும் என்றார். குடியிருப்பீர்களா, பழுது பார்ப்பீர்களா என்று வழக்கம்போல் கேட்டார்கள்.

"குடியிருப்போம். பழுதும் பார்ப்போம்."

"யாரை வச்சுங்க பாப்பீங்க?" என்றாள் இருசாயி.

மகாராஜா திரும்பிப் பார்த்தார். பின்னால் சேவகர் யாரும் இல்லை. "நானே பார்க்கிறேன், அம்மா," என்றார். நாம் என்று பேசிய வாய் நான் என்று பேசியதை அன்று கேட்டவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அவர் பூசிய சுவர் கொஞ்சம் கோணல்தான், ஆனால் ஒழுகவில்லை.

இந்த அதிசயம் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் பரவியது. அங்கேயும் வீதி வீதியாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. அரசர்கள் பதறிப்போய் மாபெரும் மாநாடு கூட்டினார்கள். ஆழிமேட்டில் நடந்ததை அறிஞர்கள் பலநாள் ஆராய்ந்து, அதன் பாடத்தை ஐயமறக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எல்லா நாடுகளும் அதை ஒருமனதாக ஏற்று அன்றைக்கே சட்டமாக்கின. வரிக் கணக்கில் அரண்மனை இனி வீடு ஆகாது என்பதே அந்தச் சட்டம்.