பகலில் கிடக்கும் இரண்டு உருப்படிகள்

சர்ர்ரக்.

சத்தம் தலைமாட்டில் கிளம்பிக் கால்மாட்டில் போய் நின்றது. மறுபடி ஒரு சர்ர்ரக். ரொட்டித் தொழிற்சாலையில் இரவெல்லாம் அடுப்பு வாயிலில் நின்றுவிட்டு வந்து படுத்த ரொட்டிக்காரர், கனவில் யாரோ துணி கிழிக்கிறார்கள் என்று நினைத்தார். கிழித்துவிட்டுப் போகட்டும் என்று புரண்டார்.

"அசையாதீங்க சார். அஞ்சடி ஏழா எட்டான்னு பாக்கறேன்."

கண்ணைத் திறந்தார். கட்டிலோரம் இரும்பு டேப்போடு ஒருவர் குந்தியிருந்தார். கழுத்தில் நகரத் திட்ட அலுவலகத்தின் அட்டை. கதவைத் திறந்துவிட்ட மனைவி, கன்னத்தில் தலையணைத் தழும்போடு பின்னால் நின்றாள். அவளும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தவள்தான்.

"என்னங்க, பாடைக்கா அளவெடுக்கறீங்க?" என்றார் ரொட்டிக்காரர்.

"சேச்சே, அது வேற துறை. உங்க வீட்டு மேல மனு வந்திருக்கு. இந்தத் தெரு முழுக்கக் குடியிருப்பு மண்டலம். இதுல நீங்க கிடங்கு நடத்தறீங்களாம்."

"கிடங்கா? என்ன சரக்கு?"

டேப்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதைத்தான் சார் அளந்துக்கிட்டிருந்தேன்."

டேப்காரரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? விதி தெளிவாக இருந்தது. 'இரவில் மனிதர் துயிலும் கட்டடம் குடியிருப்பு எனப்படும். இரவில் ஆளின்றிப் பூட்டப்பட்டும், பகலில் வெளிச்சம் புகாது மறைக்கப்பட்டும், உள்ளே உருப்படிகள் அசைவின்றி வைக்கப்பட்டும் இருக்கும் கட்டடம் கிடங்கு எனப்படும்.' குடியிருப்பு மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள் பதினான்கு. பல் மருத்துவர் இருக்கலாம், பாட்டு வாத்தியார் இருக்கலாம், தேனீப் பெட்டிகூட இரண்டு வரை வைக்கலாம். கிடங்கு கூடாது. டேப்காரர் மூன்று இரவுகள் வந்து பூட்டைப் பார்த்திருந்தார். இன்று பகலில் கறுப்புத் திரையைப் பார்த்தார். படிவத்தில் 'அசைவற்ற உருப்படிகள்: இரண்டு' என்று எழுதினார். யோசித்துப் பார்த்து, 'ஒன்று அவ்வப்போது புரள்கிறது' என்றும் சேர்த்துக்கொண்டார். நேர்மையான மனிதர்.

நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்: ஏழு நாளில் உருப்படிகளை அப்புறப்படுத்தாவிட்டால் வீட்டுக்கு முத்திரை. இருவருக்கும் தலைசாய்க்க வேறு கூரை கிடையாது.

மனு போட்டது பக்கத்து வீட்டுச் சட்டப்புலி. ஓய்வுபெற்றவர். மற்றவர்கள் காலையில் வாய் கொப்பளிப்பதுபோல் அவர் தினம் ஒரு மனு எழுதுவார். கேட்டதற்கு, "தம்பி, உன்மேல எனக்கு என்ன விரோதம்? பட்டப்பகல்ல திரை போட்ட வீட்டைப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார்.

மறுநாள் தூக்கத்தை விட்டுவிட்டு இருவரும் திட்ட அலுவலரைப் பார்க்கப் போனார்கள்.

"சார், நாங்க மனுஷங்க."

"நான் இல்லேன்னு சொன்னேனா? ராத்திரியில யாராவது அங்க தூங்கட்டும். உடனே குடியிருப்பு ஆயிடும்."

"என் மச்சானை வந்து படுக்கச் சொல்றேன்."

"அவருக்குச் சொந்தமா வீடு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்போ இது விடுதி. அதுக்கு வணிக மண்டலத்துக்குப் போகணும்."

"சரி சார், கிடங்கு மண்டலத்துலயே ஒரு வீடு பாத்துக்கறோம்."

"அங்க வீடு கூடாதே. மனுஷங்க தங்கினா ஆபத்து."

வேறு வழியில்லாமல் இருவரும் விடுப்புப் போட்டுவிட்டு இரவில் தூங்கிப் பார்த்தார்கள். இருபது வருடப் பழக்கம், தூக்கம் வருமா? புரண்டார்கள், எழுந்தார்கள். அவள் பாத்திரங்களைத் துலக்கினாள், அவர் ஆடிய நாற்காலிக்கு ஆணி அடித்தார். தெருவில் நின்ற டேப்காரர், 'இரவு நெடுக விளக்கு, உலோக ஓசை, ஆணி அடித்தல்' என்று குறித்துக்கொண்டார். காலையில் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றித் தொழிற்கூடம் நடத்தியதற்காக. கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று.

கெடு முடிகிற ஏழாம் நாள், மதியம் இரண்டு மணிக்கு, காலில் விழுந்தாவது பார்ப்போம் என்று மறுபடி அலுவலகம் போனார்கள். உள்ளே ஒரே அமைதி. சன்னல்களில் அட்டை சொருகியிருந்தது. எழுத்தர் ரப்பர் முத்திரையைக் கன்னத்துக்கு முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். அலுவலரின் தலை கோப்பின் மேல் இருந்தது. டேப்காரர் பெஞ்சில் நீட்டிக் கிடந்தார்.

மனைவி விரல்விட்டு எண்ணினாள். "பதினொண்ணு. ஏங்க, ராத்திரியில இங்க யாராவது இருப்பாங்களா?"

"அஞ்சரைக்கே பூட்டிடுவாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொட்டிக்காரர் டேப்காரரின் இடுப்பிலிருந்த டேப்பை மெல்ல உருவி, அலுவலரின் உச்சந்தலையில் வைத்து இழுத்தார்.

அலுவலர் விழித்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், விஷயத்தைக் கேட்டதும் விதிப்புத்தகத்தை எடுத்து இருமுறை படித்தார். விதியை நம்புகிற மனிதர். அதுதான் அவரிடம் இருந்த ஒரே ஆபத்து.

"ஆமா. இது கிடங்கு. நிறுவன மண்டலத்துல கிடங்கு நடத்தியிருக்கேன்."

தனக்குத் தானே நோட்டீஸ் எழுதினார். அனுப்புநராக ஒரு கையெழுத்து, பெறுநராக இன்னொன்று. முத்திரை வைக்கும் வேலையை நிறுத்திவைத்தார். மாலைக்குள் செய்தி மேலிடம் போயிற்று. மேலிடத்திலும் சன்னல்களில் அட்டை உண்டு. சாக்கடை மூடிக்கு நாற்பது வருடமாக ஆலோசித்துவந்த நகர மன்றம் மூன்றே நாளில் கூடி, மேசையைத் தட்டி, திருத்தம் கொண்டுவந்தது. 'பகல் துயில் இனி அனைத்து மண்டலங்களிலும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு.'

நோட்டீஸ்கள் இரண்டும் ரத்தாயின. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ரொட்டிக்காரர் பகல் துயிலுக்கான அனுமதிச் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டினார். அதன் பின்பக்கத்தில் இருந்த நிபந்தனைகளை மாட்டிய பிறகு யார் படிப்பார்?

முதல் நிபந்தனை: அனுமதிபெற்ற பயன்பாடு உண்மையில் நடக்கிறதா என்று தினமும் மதியம் நேரில் சரிபார்க்கப்படும். இரண்டாவது: ஒரே கட்டடத்தில் இரவிலும் துயின்று பகலிலும் துயின்றால் அது கலப்புப் பயன்பாடு. அதற்குத் தனி உரிமம், தனி வாசல், தனி மாடிப்படி வேண்டும். இல்லையேல் முத்திரை.

சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தே பழகிய தெரு நடுங்கிப்போனது. மதிய வேளைகளில் ஜனங்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு திண்டாடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மனு போட்டுவிடுவாரோ என்று கொட்டாவியைக்கூட வாய்க்குள் விழுங்கினார்கள்.

"சார், எழுந்திருங்க. தூங்கறீங்களான்னு பாக்கணும்."

ரொட்டிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். இது பதினேழாவது நாள். "தூங்கிட்டிருந்தேன்."

"இப்ப தூங்கலையே."

"நீங்க எழுப்பிட்டீங்க."

"அதுக்குத்தான் 'எழுப்புமுன் தூங்கினார்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல கையெழுத்துப் போடுங்க."

போட்டார். இனி தூக்கம் வராது என்று தெரிந்த மனைவி, துவைத்து வைத்திருந்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். டேப்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் காது சுவர்ப் பக்கம் திரும்பியது. சுவருக்கு அப்பால் சட்டப்புலியின் வீடு.

"அது என்ன சார் சத்தம்? குறட்டையா?"

மனைவியின் கை நின்றது. "மோட்டாரா இருக்கும்ங்க. பழைய மோட்டார்."

"அம்மா சொல்றது சரியா சார்?"

ரொட்டிக்காரர் சுவரைப் பார்த்தார். அந்த ஆளும் போக்கிடம் இல்லாதவர்தான். மோட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினேழு நாள் தூக்கம் கண்ணில் மணலாக உறுத்தியது.

"குறட்டைதான்" என்றார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "தினமும் ஒண்ணே கால்லேருந்து ரெண்டே முக்கால் வரைக்கும். தேதிவாரியா எழுதி வச்சிருக்கேன்."

டேப்காரர் தாளை இரு கையாலும் வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

மனைவி அவரையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, நழுவி விழுந்திருந்த போர்வையை எடுத்து உதறி, முனையோடு முனை சேர்த்து மடிக்கத் தொடங்கினாள்.