ஓர் அன்னக்கூடை மாற்றிய கதை

அன்றைக்கு எனக்கு ஒரே வேலைதான். பழைய துணி போட்டு ஓர் எவர்சில்வர் அன்னக்கூடை மாற்ற வேண்டும்.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். சேக்காட்டில் வாடகை வீடு. கணவருக்கு ஆவடியில் ஃபாக்டரி வேலை. பிரசவச் செலவை ஃபாக்டரி ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். மற்றதெல்லாம் நாங்கள்தான் சேர்க்க வேண்டும். ஆனால் திருவண்ணாமலையிலிருந்து அம்மா கறாராக எழுதியிருந்தாள்: "பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு ஒரு சாமானும் வாங்கிடாதே. ஆகாது."

குழந்தைக்கு வெந்நீர் விளாவ அகலமான பாத்திரம் வேண்டுமே? யோசித்தேன். பழைய துணிக்கு மாற்றினால் அது வாங்கியதாகாதே! பி.எஸ்சி. படித்த மூளை சும்மாவா?

"பாத்ரேய்ம்!" என்று குரல் கேட்டது. மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். கணவரின் இரண்டு பேண்ட், இரண்டு சட்டையோடு வாசலுக்குப் போனேன்.

பாத்திரக்கார அம்மா கூடையை இறக்கிவிட்டு, பேண்டை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, சல்லடையாட்டம் கீது? இத்த வச்சி ஒரு டம்ளர்தான் தர்லாம்."

பேரம் பேசியிருக்க வேண்டும். நானோ பஸ்ஸில் 'ஹோல்டான்' சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு ஸ்டாப்பிங் தள்ளி இறங்குகிற ஜென்மம். பேசாமல் என் புடவை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன்.

"பத்தாது." கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். "அந்த மஞ்சப் பையில இன்னா கீது?"

ஐயோ! அதில் இருந்தவை அப்பாவின் எட்டு வேட்டிகள். வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆனவை. பிறந்த குழந்தையைத் துடைக்க, சுற்ற, தூளி கட்ட என்று அம்மா தேர்ந்தெடுத்து அனுப்பியவை. கடையில் அந்த மெதுவுக்கு எங்கே போவது?

"அது... வந்து..." என்றேன். 'குழந்தைக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்பின் தெரியாதவரிடம் அதைச் சொல்ல வெட்கம்! வயிறு எனக்கு முன்னால் வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

"வந்தாவது போயாவது, குடும்மா!"

கொடுத்துவிட்டேன்.

அன்னக்கூடை பளபளவென்று என் கையில். பாத்திரக்கார அம்மா தெருக்கோடியில். ஊரிலிருந்து என் அம்மா மறுநாள் காலை பஸ்ஸில் வருகிறாள். வந்ததும் முதலில் கேட்கப்போவது அந்தப் பையைத்தான்!

கதவைப் பூட்டிக்கொண்டு, அன்னக்கூடையோடு தெருவில் இறங்கினேன்.

"ஏங்க..." என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை.

ஓடவும் முடியாது, கத்தவும் வராது. கையில் இருந்த சாவியால் அன்னக்கூடையைத் தட்டினேன். டங், டங், டங்!

பாத்திரக்கார அம்மா திரும்பவில்லை. தெருவே திரும்பியது.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரியை முதலில் பார்ப்பவர் எதையாவது தட்ட வேண்டும் என்பது வழக்கம். இது என் நினைவுக்கு வந்தபோது எனக்குப் பின்னால் பதினைந்து குடம் வரிசையில் நின்றது.

"லாரி எங்க கீது?" என்றார் எதிர்வீட்டு சரோஜாக்கா.

"லாரி... இல்லைக்கா."

"அப்புறம் இன்னாத்துக்குத் தட்ன? அடுப்புல கொழம்ப வுட்டுட்டு ஓடியாறேன்!"

வேறு வழியில்லை. "குழந்தை வேட்டி... மஞ்சப் பை... பாத்திரம்..." என்று அழாத குறையாகச் சொன்னேன்.

சரோஜாக்கா குடத்தைக் கீழே வைத்தார். "ஏ பாத்ரம்! நில்லு அங்கியே! புள்ளத்தாச்சி துணிய எட்த்துகினு போறியே!"

போச்சு. எட்டு மாதமாக நான் முந்தானையால் மறைத்த சேதி, சேக்காடு முழுக்கப் போயிற்று.

பாத்திரக்கார அம்மா திரும்பி வந்தார். மஞ்சள் பையை என் கையில் திணித்தார். "வயித்தப் பாத்தேன், கேக்கலாம்னுதான் இருந்தேன். நீ வாயத் தொறந்தாத்தானே? அன்னக்கூட கொயந்திக்கா? வச்சிக்கோ. ஆனா வேற எதுனா நல்லதாப் போடு."

வீட்டுக்குள் போய், கைக்கு முதலில் வந்ததை எடுத்துவந்து கொடுத்தேன்.

சாயங்காலம் கணவர் அலமாரி முன்னால் நின்றார். "என் கல்யாண சஃபாரி எங்கே?"

மறுநாள் அம்மா வந்தாள். "எதுவும் வாங்கலையே?"

"வாங்கலைம்மா."

அம்மாவுக்குப் பின்னால் நின்ற கணவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

பெண் பிறந்தாள். அந்த அன்னக்கூடையில் விளாவிய வெந்நீர் முதல் சொம்பு மேலே பட்டதும் ஒரு வீறல் போட்டாள் பாருங்கள்! சரோஜாக்கா குடத்தோடு வாசலுக்கு ஓடி வந்தார்.