முதல் வயலினுக்கு மூன்று கொட்டேஷன்

ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் நாகரிகம் அடைந்திருக்கிறது என்பதை, அது தன் முதல் வயலினை வாங்குகிற விதத்தை வைத்தே சொல்லிவிடலாம். இந்த அளவுகோலைக் கண்டுபிடித்தவன் நான்தான். இதன்படி பார்த்தால் எங்களுக்கு இணையான குடும்பம் இந்தத் தெருவில் இல்லை. அடுத்த தெருவில் இருப்பதாகவும் தகவல் இல்லை.

வயலின் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவர் என் அண்ணி. அவருக்கு மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே தடுக்கி விழாமல் படிக்கிறவருக்கு இசைக்குறிப்பு எம்மாத்திரம்? ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். கடைக்குப் பின்தெருவில் ஒரு டீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு ஆரம்பிக்கிறாராம். அடுத்த வாரமே சேர்ந்துவிடலாமாம். கையில் ஒரு வயலின் இருந்தால் போதுமாம்.

'போதும்' என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அண்ணன் குழாய்க் கம்பெனியில் கொள்முதல் பிரிவின் தலைவர். மூன்று கொட்டேஷன் வாங்காமல் அவர் எதையும் வாங்கியதில்லை. ஒருமுறை நடுத்தெருவில் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் மூன்று கடை ஏறி இறங்கி விலை விசாரித்து, நியாயமான விலையில் ஒரு குடை வாங்கி, அதைக் கையில் பிடித்தபடி தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தார். அதற்குள் மழை விட்டிருந்தது. நல்ல குடை, இன்னும் புதுசாகவே இருக்கிறது.

"அவசரப்பட்டு ஒரு பொருளை வாங்கிட்டு அப்புறம் உக்காந்து அழக்கூடாது," என்றார் அண்ணன். "முறைப்படி ஒரு குழு போட்டுருவோம்."

கை கழுவுவதற்குள் குழு அமைந்துவிட்டது. தலைவர், அண்ணன். தொழில்நுட்ப ஆலோசகர், பணி ஓய்வு பெற்று எங்களோடு தங்கியிருக்கும் தாய்மாமா. இளவயதில் அவர் குடியிருந்த வீட்டுக்கு மேல்மாடியில் யாரோ வயலின் வாசிப்பார்களாம். மாமா தினமும் மாடியேறிப் போய்ச் சண்டை போடுவாராம். எங்கள் வீட்டில் வயலினோடு நேரடிப் பழக்கம் உள்ளவர் அவர் ஒருவர்தான். செயலாளர், நான். வேலை தேடும் துறையில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டாகையால், எந்த நேரத்தில் கூட்டம் போட்டாலும் வந்துவிட முடியும். அண்ணியைக் குழுவில் சேர்க்கவில்லை. 'பயனாளி' உள்ளே வந்தால் பாரபட்சமும் கூடவே வரும் என்று அண்ணன் விளக்கினார். அண்ணி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மறுநாளே குழு கள ஆய்வுக்குக் கிளம்பியது. இசைக்கருவிக் கடைக்காரர் எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கற்றுக்கொள்ளப் போவது யார் என்று கேட்டார். அவர் வேலைக்குப் போயிருக்கிறார், இந்த மாதிரி முக்கியமான காரியங்களுக்கு எங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று நான் சொன்னேன். அதற்குள் மாமா, பானை வாங்க வந்தவரைப்போல, மாட்டியிருந்த வயலின்களை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவர் சுண்டச் சுண்டக் கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார்.

"முதல் வயலின்தானே சார்? வாடகைக்கு எடுத்துக்குங்க," என்றார் கடைக்காரர். "வில்லு, பெட்டி எல்லாம் கூடவே குடுத்துருவோம். ரோசினும் தருவோம். இதோ, இந்தப் பிசின் கட்டிதான் ரோசின். வில்லுல இருக்கிற முடியில இதைத் தேய்க்கலேன்னா சத்தமே வராது. கொஞ்ச நாள் வாசிச்சுப் பாக்கட்டும். கைக்குப் பிடிச்சா வாங்கிக்கலாம்."

தெருவுக்கு வந்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "வாங்காதேன்னு சொல்ற கடைக்காரனை நான் என் சர்வீஸ்லயே பாத்ததில்லை. இதுல ஏதோ இருக்கு."

கடைக்காரர் சொன்னதை அண்ணியிடமும் எச்சரிக்கையாக எடுத்துச் சொன்னோம். அடுத்த நாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவர் தோளில் ஒரு வாடகை வயலின் தொங்கிக்கொண்டிருந்தது. குழு கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குத் 'தற்காலிக ஏற்பாடு' என்று பெயர் வைத்துப் பெருந்தன்மையாக அனுமதித்தது.

முதல் வகுப்பிலிருந்து வரும்போது அண்ணி ஒரு நிபந்தனையோடு வந்தார். தினமும் அரை மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டும். மாதக் கடைசியில் டீச்சர் ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நாலு கம்பியும் அலறாமல் பேச வேண்டும். பேசாவிட்டால் அடுத்த வருஷ வகுப்புக்குத்தான் வர வேண்டும். "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னுதான் இத்தனை வருஷம் போச்சு," என்று அண்ணி அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்தது, வேலையிலிருந்து வந்ததும் கிடைக்கும் அரை மணி நேரம்; கூடத்து ஜன்னலோரம். குழுவின் கூட்டமும் அதே நேரத்தில், அதே கூடத்தில். தலைவர் அலுவலகத்திலிருந்து வருவதும் அப்போதுதானே. எங்கள் விவாதங்களின் தரத்தைப் பற்றி நானே சொல்வது அழகல்ல. வயலின் பெட்டிக்கு உள்துணி நீலமா சிவப்பா என்ற ஒரே பொருளில் மாமாவும் அண்ணனும் காட்டிய ஆழம் இருக்கிறதே, அதில் யானையை இறக்கினால் தும்பிக்கைகூடத் தெரியாது. அந்த உச்சகட்டத்தில்தான் ஜன்னலோரத்திலிருந்து கிறீச்சென்று ஒரு ஓசை வந்தது.

"அம்மாடி," என்றார் மாமா, "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்திக்கோ. இங்க வயலினைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

அண்ணி நிறுத்தினார். நிறுத்தியதுதான் நிறுத்தினார், அப்படியே எல்லோருக்கும் டீ போட்டுவிட்டால் தேவலை என்று தலைவர் கருதினார்.

மறுநாளிலிருந்து அண்ணி படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கலைக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. ஆகவே கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனோம். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று மாமா போய்க் கேட்டார். 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டியிருந்த டப்பாவில்தான் இருந்தது. துண்டு எங்கே என்று அண்ணன் போய்க் கேட்டார். அது அவர் தோளிலேயே கிடந்தது. நான் அனாவசியமாகத் தொந்தரவு செய்கிறவன் அல்ல. இரவு என்ன சமையல் என்பதை மட்டும் விசாரித்துக்கொண்டேன்.

அடுத்த வகுப்பு முடிந்து வந்த அண்ணி, வயலினைக் கீழே வைக்காமலே நின்றார்.

"கை விறகுக்கட்டை மாதிரி இருக்காம். வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா, பழகவே நேரம் கிடைக்கலியான்னு டீச்சர் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?" என்றார் அண்ணன்.

"மூணு பேருக்குன்னு சொன்னேன்."

யார் அந்த மூவர் என்பதைப் பற்றி மாமா வெகுநேரம் கவலைப்பட்டார். கை ஏன் விறகுக்கட்டையானது என்பதைக் குழு உடனே கண்டுபிடித்துவிட்டது: வாடகை வயலின். அண்ணி அடுத்த வருஷத்துக்குத் தள்ளப்படும் அபாயத்தைத் தலைவர் உணர்ந்தார். கொள்முதல் போர்க்கால வேகத்தில் நடந்தது. மூன்று கடை, மூன்று கொட்டேஷன், அதில் நடு விலை. துணைக்கருவிகளுக்கென்று தனியாக ஒரு உபகுழு போட்டோம். அதிலும் நாங்கள் மூவரே. தாடை வைக்கும் பலகையைத் தேர்ந்தெடுக்க அண்ணி கடையில் இல்லாததால் என் தாடையை அளவெடுத்தார்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் ஒரு மீட்டர் வாங்கினோம். குழாய்க் கம்பெனிக்காரர் ஈரத்தை அலட்சியம் செய்வாரா? தாள் வைக்கும் ஸ்டாண்டு, துடைக்க வெல்வெட் துணி, வயலினுக்குப் பெட்டி, பெட்டிக்கு உறை எல்லாம் வந்தன. ரோசின் மட்டும் வரவில்லை. அதற்கு விலை கேட்கப் போன அன்று மூன்றாவது கடை பூட்டியிருந்ததால் இரண்டு கொட்டேஷன்தான் கிடைத்திருந்தது. அந்த ஒன்றை நிலுவையில் வைத்தோம்.

கடைசியாக அண்ணன் தன் சொந்த யோசனையில் ஒரு பொருளை எடுத்து வைத்தார். பெட்டிக்குப் போடும் நம்பர் பூட்டு.

"நம்பரை நீயே வச்சுக்கோ," என்று அண்ணியிடம் கொடுத்தார். "யார்கிட்டயும் சொல்லக்கூடாது. என்கிட்டகூடச் சொல்லாத. அதுதான் பாதுகாப்பு விதி."

அதுவரை எந்தத் துணைக்கருவியையும் நிமிர்ந்து பார்க்காத அண்ணி, பூட்டைக் கையில் வாங்கி அதன் சக்கரங்களை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். "நெஜமாவே எனக்கா?" என்று கேட்டார். முகம் மலர்ந்திருந்தது. குழுவின் உழைப்பு வீண்போகவில்லை என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தொடக்க விழாவில் தலைவர் முதல் இழுப்பை இழுத்தார். வில் போனது, வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி இழுத்தார். கொசு பறந்தால் கேட்டிருக்கும், வயலின் கேட்கவில்லை.

"ஒசந்த காரு என்னிக்காவது சத்தம் போடுமா மாப்ளே?" என்றார் தொழில்நுட்ப ஆலோசகர். "அது மாதிரிதான் இதுவும்."

நாங்கள் கைதட்டினோம். அண்ணி வாடகைப் பெட்டியிலிருந்த ரோசினை எடுத்துப் புது வில்லில் நிதானமாகத் தேய்த்தார். என் தாடைக்கு வாங்கிய பலகையில் தன் தாடையை எப்படியோ பொருத்திக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். நீளமாக, நடுங்காமல், ஒரு சுரம் எழுந்து கூடம் முழுக்க நின்றது. அண்ணியும் வில்லை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார்.

"பிரமாதம்," என்றார் அண்ணன். "சரி, டீ?"

அண்ணி வயலினைப் பெட்டியில் வைத்தார். பெட்டியைப் பூட்டவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமா வழக்கம்போல் சர்க்கரையைத் தேடிக்கொண்டு போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். சமையலறைக் கதவின் தாழ்ப்பாளில் நம்பர் பூட்டு தொங்கியது. கூடத்து ஜன்னலோரம் அண்ணி வில்லின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தப் பூட்டு நம்பர் என்ன?" என்றார் அண்ணன்.

"மறந்துபோச்சுங்க."

"மறந்துபோச்சா? அப்ப டீ?"

"அரை மணி நேரம் வாசிச்சா ஞாபகம் வந்துரும்னு தோணுது. நடுவுல யாராவது பேசினா மறுபடி முதல்லேருந்து வாசிச்சாத்தான் வரும்."

குழு அவசரமாகக் கூடியது. அண்ணன் தன் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தார், திறக்கவில்லை. மாமா தாம் ஓய்வு பெற்ற வருஷத்தைப் போட்டார். கல்யாண நாளைப் போடும்போது அது எந்த மாதம் என்பதில் தலைவருக்கும் ஆலோசகருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அண்ணியின் பிறந்தநாளாக இருக்குமோ என்று நான் கேட்டேன். நல்ல யோசனை என்று இருவரும் பாராட்டினார்கள். அது என்றைக்கு என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் மூவரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், வயலின் கேட்டோம். தும்மல் வந்த மாமாவின் மூக்கை அண்ணனே பிடித்துக்கொண்டார். சரியாக அரை மணி நேரத்தில் அண்ணிக்கு நம்பர் ஞாபகம் வந்தது. அன்று மட்டுமல்ல, அதன்பிறகு தினமும் அதே நேரத்தில் மறந்து அதே நேரத்தில் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் இப்போது சாயங்காலமானால், "வாசிம்மா, சீக்கிரம் வாசி," என்று கலைக்காக மூன்று ஆண்கள் கெஞ்சுகிற காட்சியைப் பார்க்கலாம்.

மாதக் கடைசியில் நாலு கம்பியும் அலறாமல் பேசின. கை நன்றாக இளகிவிட்டது, அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். போகும்போது, வீட்டிலுள்ள அந்த மூன்று நோயாளிகளுக்கும் இப்போது எப்படி இருக்கிறது என்றும் அக்கறையாக விசாரித்திருக்கிறார்.

"தேவலை டீச்சர். அரை மணி நேரம் பட்டினி போட்டா அடங்கிடுது," என்றாராம் அண்ணி.

ஆகவே, முதன்முதலாக வயலின் வாங்க நினைக்கும் பெண்களுக்கு எங்கள் குழுவின் இறுதிப் பரிந்துரை இது: வயலினை வாடகைக்கு எடுங்கள். ரோசினை மறக்காதீர்கள். பூட்டை மட்டும் சொந்தமாகவே வாங்கிவிடுங்கள். உங்கள் கலையார்வத்தை ஆதரிக்கும் ஆண்கள் வீட்டில் எத்தனை பேரோ, அத்தனை பூட்டு.