மூன்றடுக்கு கேக் சாய்ந்தால் மட்டும் மைமூன் மாமி படிக்க வேண்டியது

மட்டாஞ்சேரி,
சனிக்கிழமை இரவு.

மரியாதைக்குரிய மைமூன் மாமி அவர்களுக்கு, லதீஃபாவின் தங்கை நௌஷிதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். பாலக்காட்டில் நீங்களும் மாமாவும் ஆஸிம் மச்சானும் (இப்போதே மச்சான் என்று எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்) நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே அத்தா, அம்மா, அக்கா மூவரும் நலம். கேக்கும் இந்த நிமிடம் வரை நலம்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருந்தால், அக்காவின் நிச்சயத்தில் எல்லோர் முன்னாலும் கேக் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். சாயாவிட்டால் இதை யாருக்கும் தர மாட்டேன். நான் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். அவள் புரளும்போதெல்லாம் போனை அணைத்துவிடுகிறேன். நான் படிப்பது மலையாளம் மீடியம், தமிழ் அத்தா வீட்டில் சொல்லித் தந்தது. பிழை இருந்தால் கேக்கோடு சேர்த்து அதையும் மன்னிக்க வேண்டும்.

விஷயம் இதுதான், மாமி. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே, அந்தக் கேக் அக்கா செய்ததில்லை, நான் செய்தது. நீங்கள் "யாரு செஞ்சது?" என்று கேட்டதும் அம்மா வாயிலிருந்து "லதீஃபாதான்" என்று தானாக வந்துவிட்டது. அம்மா பொய் சொல்கிறவள் இல்லை, அன்றைக்கு உங்களைப் பார்த்த பயத்தில் வந்தது. அத்தோடு போயிருக்கும். ஆனால் நீங்கள் சந்தோஷப்பட்டு, "நிச்சயத்துக்கும் புள்ளையே ஒரு கேக் செய்யட்டும், பெருசா, அடுக்கு வச்சு. எங்க ஆளுங்க எல்லாம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் படி இறங்கியதும் அக்கா, "நான் இப்பவே போன் பண்ணி உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள். அம்மா அழுதாள். "ஒரு கேக்குக்காக ஒரு நல்ல கல்யாண ஆலோசனை மொடங்கிப் போணுமா மோளே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அக்காவைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும், ஆனால் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அக்காவுக்கு ஆஸிம் மச்சானை ரொம்பப் பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள். நான், "மூணு அடுக்கு, உள்ளே இளநீர் புட்டிங்" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒன்றை அதுவரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை செய்தேன். தோசைக்குச் சட்னி தடவுவதுபோல் ஒரு கேக்கின் மேல் புட்டிங்கை ஓரம் வரை தடவி, அடுத்த கேக்கை வைத்தேன். நாலா பக்கமும் புட்டிங் வெளியே வந்தது. பரவாயில்லை என்று மூன்றாவதையும் வைத்தேன். அது வைட்டிலா போகிற பிரைவேட் பஸ் வளைவில் திரும்பும்போது நிற்கிற ஆள் சாய்வதுபோல் மெல்லச் சாய்ந்து, கம்பி கிடைக்காமல் மேஜையில் விழுந்தது. அதைக் கிண்ணத்தில் அள்ளி வைத்தோம். அத்தா கடையிலிருந்து வந்து ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "பாயசம் கொள்ளாமே, நல்லா இருக்கே, யாரு வச்சது?" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழுதுவிட்டுத் தெருவுக்கு வரும்போது வாசல்படியில் கால் இடித்தது. காயல் தண்ணீர் ஏறுகிற நாட்களில் ஓடை வழியாக வீட்டுக்குள் வரும் என்பதால் அத்தா வாசலில் குறுக்காக ஒரு சிமென்ட் வரம்பு கட்டி வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு, எல்லோரும் அதில் இடித்துக்கொள்வோம். கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு அந்த வரம்பைப் பார்த்தேன். தண்ணீரை நிறுத்த வரம்பு இருந்தால் புட்டிங்கை நிறுத்தவும் ஒரு வரம்பு போதுமே என்று தோன்றியது. வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் அடித்துக் கெட்டியான கிரீம் செய்து, பால் கவரின் மூலையை வெட்டி, இரண்டாவது தடவை செய்த கேக்கின் ஓரத்தைச் சுற்றிப் பிழிந்தேன். நடுவில்தான் புட்டிங். அதுவும் வரம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், நிறைத்தால் வழியும். இதை யாரும் சொல்லித் தரவில்லை மாமி, கால் கட்டை விரல் சொன்னது.

ஆனால் அந்தக் கேக் படகு மாதிரி ஆடியது. ஓவனில் கேக் நடுவில் பொங்கி மேடாகும். அந்த மேட்டைச் சீவினால்தான் மேலே வைப்பது அசையாமல் இருக்கும். நான் கத்தியை எடுத்ததும் அம்மா கையைப் பிடித்துவிட்டாள். "படச்சவன் தந்த சாப்பாட்டை வெட்டி எறியறதா? எடீ, பரக்கத் போயிடும், வீட்டுல செழிப்பு இருக்காது." நான், "எறியலைம்மா, சீவி வைக்கிறேன்" என்றேன். "சீவி வச்சா யாரு திங்கறது?" என்றாள் அம்மா. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா தட்டை நீட்டினாள். அன்றிலிருந்து மேடுகள் எல்லாம் அக்காவுக்குத்தான். நிச்சயத்துக்குத் தைத்த சுடிதார் நாளைக்கு அவளுக்குக் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தால் அது என் தவறு, உங்கள் மருமகள் பெருந்தீனிக்காரி என்று நினைத்துவிட வேண்டாம்.

மூன்றாவது தடவை எல்லாம் சரியாகச் செய்தேன். சீவினேன், ஆற வைத்தேன், வரம்பு கட்டினேன், பிரிட்ஜில் வைத்தேன். காலையில் திறந்தால் கேக் வலது பக்கமாகச் சாய்ந்து, பிரிட்ஜின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வரம்பு உடையவில்லை. கேக் தனியாக யோசித்து அந்தப் பக்கம் போனதுபோல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி பரீட்சையில் வலது பக்கம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன், அதன் பலன் தனியாக வரும். சாயங்காலம் அத்தாவின் ஹார்ட்வேர் கடைக்குப் போய், மேஸ்திரிகள் சுவர் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"கேக்குக்கு."

அத்தா ரசமட்டத்தை எடுத்துத் தந்தார். "சிமென்டும் வேணுமா?" என்று கேட்டார். பிறகு சுவரில் பட்டி பூசி வழிக்கிற புதுத் தகடு ஒன்றையும் சேர்த்துத் தந்தார். உங்கள் கேக்கின் பக்கங்கள் இவ்வளவு வழவழப்பாக இருப்பது அந்தத் தகட்டால்தான். வெந்நீரில் கழுவித்தான் பயன்படுத்தினேன்.

ரசமட்டத்தைக் கேக்கின் மேல் பிடித்தேன், குமிழி நடுவில் நிற்காமல் ஓடியது. பிரிட்ஜின் தட்டில் வைத்தேன், ஓடியது. பிரிட்ஜின் தலையில் வைத்தேன், அங்கேயும் ஓடியது. போன வருஷம் தண்ணீர் ஏறியபோது அத்தா பிரிட்ஜைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தார். இடது பக்கத்துக்கு வெட்டுக்கல் கிடைத்தது, வலது பக்கத்துக்குப் போதவில்லை, செங்கல் வைத்தார். தண்ணீருக்குப் பயந்து தூக்கி வைத்த பிரிட்ஜ் அன்றிலிருந்து சாய்ந்துதான் நிற்கிறது. ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் மீன் குழம்பு, தயிர், இட்லி மாவு எல்லாம் சாய்ந்தே உட்கார்ந்திருக்கின்றன, எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா பிரிட்ஜைத் தூக்கிப் பிடித்தாள், நான் படுத்துக்கொண்டு செங்கல்லுக்கு மேல் டைல்ஸ் துண்டுகளைச் சொருகினேன். சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். "ரப்பே! நிச்சயத்துக்கு முந்தி கல்யாணப் பொண்ணு பிரிட்ஜைத் தூக்குதே! இடுப்பு ஒடிஞ்சா அவங்க என்ன சொல்லுவாங்க?"

"பொண்ணு நல்ல பலசாலின்னு சொல்லுவாங்க. நீ சீக்கிரம் சொருகு நௌஷி, கை போகுது" என்றாள் அக்கா. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மாமி, அக்காவுக்குக் கேக் செய்யத் தெரியாது, ஆனால் பிடி என்றால் விடமாட்டாள். எனக்கு அப்படி ஒரு மருமகள் வந்தால் நான் கேக்கைக் கடையில் வாங்கிக்கொள்வேன்.

இன்றைய கேக் இப்போது நேரான பிரிட்ஜில் நேராக நிற்கிறது. சர்பத் கடையில் வாங்கிய தடித்த ஸ்ட்ராக்களை அடுக்கின் உயரத்துக்கு வெட்டிக் கீழ் அடுக்கு இரண்டிலும் தூண்களாக இறக்கியிருக்கிறேன், மேலடுக்கின் பாரம் புட்டிங்கின் மேல் விழாது. உங்கள் துண்டில் ஸ்ட்ரா வந்தால் கடிக்க வேண்டாம். இனி மிச்சம் எங்கள் மரப்படி. நிச்சயம் மாடியில், பிரிட்ஜ் கீழே, படியோ செங்குத்து. ஆண்கள் தூக்கித் தருவதாகச் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. நானே தூக்குவேன், பின்னோக்கி ஏறுகிற அக்கா வழி சொல்வாள். அங்கே விழுந்தால் நானும் கேக்கோடு விழுவேன், விடமாட்டேன். அப்படி விழுந்துவிட்டால் தயவுசெய்து அக்காவை ஒன்றும் சொல்ல வேண்டாம், ஆலோசனையை நிறுத்த வேண்டாம். பொய் அம்மாவுடையது, கேக் என்னுடையது, அக்காவுடையது மேடுகள் மட்டுமே. கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், நான் நின்று கேட்டுக்கொள்வேன். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடல்சுகத்தையும் மெல்லிய கோபத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தங்கை (இன்ஷா அல்லாஹ்),
நௌஷிதா

பின்குறிப்பு: தண்ணீர் குடிக்க எழுந்த அக்கா போர்வையைத் தூக்கிக் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். திட்டவில்லை. நேராக ஆஸிம் மச்சானுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பக்கம் அவர் சிரிக்கிறது எனக்கே கேட்டது. "அன்னைக்கு எங்கம்மா கையால போட்டதுன்னு ஒரு குப்பி மாங்கா அச்சாறு தந்தாங்கல்ல? அது கடையில வாங்கினது. லேபிளைத் தண்ணியில ஊறவச்சு உரிச்சது நான்தான். நகம் ஒடிஞ்சு போச்சு" என்றார். மாமி, எங்கள் அம்மா அந்த ஊறுகாயை விருந்தாளிக்குக்கூடத் தருவதில்லை. தினமும் ஒரு துண்டு எடுத்துவைத்து, செய்த கையை வாழ்த்திவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். அக்கா இதைக் கிழித்துவிடச் சொல்கிறாள், கிழிக்கத்தான் போகிறேன். ஆகவே மேலே எழுதிய எதையும் நீங்கள் படிக்கப் போவதில்லை. நாளைக்கு நீங்கள் அக்காவின் கேக்கைப் புகழுங்கள், அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். அம்மா உங்கள் ஊறுகாயைப் புகழுவாள், நீங்களும் குனிந்துகொள்ளுங்கள். கேக்கை வாயில் வைத்ததும் ஒரே ஒரு தடவை மட்டும் மாடிப்படிப் பக்கம் பாருங்கள், மாமி. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது நான்தான்.